மா ஞோவின் இடுப்பு

தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று மா தேன் யீயால் சொல்லிவிட முடியும். பாயில் மல்லாந்து கிடப்பவளுக்குக் காது ஒன்றுதானே வேலை செய்கிறது. அவள் புருஷன் கோ பா சோ துடுப்புப் போட்டால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கட்டை படகின் விளிம்பில் டொக்கென்று இடிக்கும். கல்யாணமான புதிதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவர் திருத்திக்கொள்ளவில்லை. பிறகு அந்த டொக் கேட்டால்தான் அவளுக்கு உலையில் அரிசி போடவே தோன்றும் என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம், ஏரிக்குள் மூங்கில் கால்களில் நிற்கிற அவர்கள் வீட்டுக்கு அடியில் வந்து நின்ற படகில் டொக் இல்லை. துணியைத் தண்ணீரில் இழுத்துப்போவது போல வழவழவென்று ஒரு சத்தம் மட்டும்தான்.

அப்படியென்றால் துடுப்பு, பாத்தி வேலைக்கு வருகிற மா ஞோவின் காலில் இருக்கிறது. அப்படியென்றால் அவர் படகின் முன்பக்கம் உட்கார்ந்து வருகிறார். தேன் யீ உட்காரும் இடத்தில்.

"யாரு ஓட்டுனது?" கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

ஏணியில் தலை தெரிந்த கோ பா சோ, "என்னது?" என்றார்.

"படகு. யாரு ஓட்டுனதுன்னு கேட்டேன்."

"ஞோதான். எனக்குக் காலு மரத்துப்போச்சு. நான் ஓட்டறேன்னா. சரின்னு விட்டேன்."

"நல்லா ஓட்டறாளா?"

"ஆம்பளை தோத்தான். தண்ணி சிந்தல, அப்படி ஓட்..." பாதியில் வாயை மூடிக்கொண்டு சுருட்டைத் தேடினார்.

அந்த ஏரியில் ஆண்கள்தான் படகின் வால்பக்கம் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் சுற்றித் தள்ளுவார்கள். பெண்கள் சம்மணம் போட்டுக் கையால் துழாவுவார்கள். லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஊர் பார்க்க நிற்பது பெண்ணுக்கு அழகில்லை என்பது பேச்சு. மா ஞோவுக்குப் புருஷன் செத்த பிறகு அந்தப் பேச்சைப் பற்றிய கவலையும் செத்துவிட்டது. நாணல் மாதிரி நிற்பாள். வளைந்தால் வளைவாள். உடனே நிமிர்ந்துவிடுவாள். அந்த நிமிர்தலைத்தான் தேன் யீயால் பொறுக்க முடியவில்லை.

தேன் யீக்கு இடுப்பு போனது பாசி இழுக்கும்போது. அவர்கள் தக்காளி வளர்க்கிறவர்கள். மண்ணில் இல்லை, ஆகாயத்தாமரையும் நாணல் வேரும் பின்னிப் பாய் மாதிரி மிதக்கிற பாத்தியில். பாத்தி கீழே கீழே அழுகிக்கொண்டே போகும். மேலே பாசியும் சேறும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூங்கிலை ஏரிக்குள் விட்டுத் திருகினால் பாசி சடை மாதிரி சுற்றிக்கொள்ளும். அதைத் தூக்கிப் படகில் போட வேண்டும். நனைந்த பாசி பிணத்தின் கனம் கனக்கும். கோ பா சோ படகைக் காலால் அசையாமல் பிடித்துக்கொள்வார், அவள் திருகித் தூக்குவாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், தூக்கிய வாக்கிலேயே இடுப்பைத் திருப்பினாள். முதுகின் அடியில், லுங்கி கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஏதோ நழுவியது. பாசியின் மேலேயே விழுந்தாள். கோ பா சோ மீன் பிடித்தவன் மீனைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

முதலில் கரையிலுள்ள சுகாதார நிலையத்துக்குத்தான் கொண்டுபோனார். அங்கே நர்ஸ் ஒரு சின்னப் பெண். நகரத்திலிருந்து வந்தவள். தேன் யீயின் காலைத் தூக்கினாள், முழங்காலைத் தட்டினாள், கால்விரலைக் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்றாள். சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று புருஷன் எதிரிலேயே கேட்டாள்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல, நரம்புக்கும் ஒண்ணுமில்ல. தசை பிடிச்சிருக்கு. ரெண்டொரு நாள் ரொம்ப வலிச்சா சாஞ்சுக்குங்க. அதுக்குமேல படுக்காதீங்க. படுத்தா இறுகிடும். மெதுவா நடங்க. நடக்க நடக்கத்தான் சரியாகும்."

"வலிக்குதே?"

"வலிக்கும். வலியெல்லாம் கெடுதல் இல்லம்மா. தினம் காலையில ஊரை ஒரு சுத்து நடந்துட்டு வாங்க."

தேன் யீக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர நடந்து சுத்தணும்னா நான் வாத்தாப் பொறந்திருக்கணும்."

நர்ஸும் சிரித்தாள். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குகிற ஒரு பயிற்சியைச் செய்து காட்டினாள். கோ பா சோ வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் டோ பூ வந்துவிட்டாள். கோ பா சோவின் அம்மாவுக்கு அக்கா. பிரசவித்தவளுக்கும் சுளுக்கியவனுக்கும் அந்தப் பக்கத்தில் அவள் கைதான். இஞ்சியும் மஞ்சளும் நல்லெண்ணெயில் சூடாக்கி, கட்டைவிரலால் இடுப்பை அழுத்தினாள். தேன் யீ போட்ட கத்தலில் அடியில் கட்டியிருந்த படகு ஆடியது.

"நரம்பு எடம் மாறிப் போச்சு. எடத்துக்குக் கொண்டுவந்து வச்சிருக்கேன். மழைக்கால விரதம் முடியற பௌர்ணமி வரைக்கும் எந்திரிக்கவே கூடாது. பொரளக்கூடக் கூடாது. பொரண்ட, மறுபடி ஓடிரும்."

"நர்ஸு நடக்கச் சொல்றாளே பெரியம்மா?"

"அவ ஊர்ல ரோடு இருக்கு, நடப்பா. இங்க நீ எந்திரிச்சு தண்ணிக்குள்ள விழுந்தா அவளா வந்து தூக்குவா?"

கோ பா சோவுக்கு டோ பூ சொன்னது பிடித்திருந்தது. அவருக்குப் பயம். பெண்டாட்டி படுத்துக் கிடந்தால் பயமில்லை, எழுந்து நடந்து மறுபடி விழுந்தால்தான் பயம். "படுத்துக்க. சும்மா படுத்துக்க. நான் பாத்துக்கறேன்," என்றார். பார்த்துக்கொள்ளத் தனி ஆளால் முடியாது. பாசி இழுக்க ஒருவர், படகைப் பிடிக்க ஒருவர் வேண்டும். மறுநாளே மா ஞோ வந்தாள். அவளுடைய பாத்தி போன வருஷத்துக் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விளைச்சலில் ஒரு பங்கு தக்காளி தருவதாகப் பேச்சு.

வந்த அன்றைக்கே ஏணியேறி வந்து பாயருகில் உட்கார்ந்தாள் மா ஞோ. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தை வட்டமாகப் பூசியிருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"படுக்காதீங்க. நர்ஸு சொன்னதக் கேளுங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இடுப்புன்னு படுத்தாரு. டோ பூ பெரியம்மாதான் பாத்தாங்க. படுத்துப் படுத்தே காலு ரெண்டும் குச்சியாப் போச்சு. அப்புறம் சளி கட்டி... உங்களுக்குத் தெரியாததா. எந்திரிச்சு உக்காருங்க. நான் கை குடுக்கறேன்."

கையை நீட்டினாள். பாசி இழுக்கப் போகிற கை. விரல்கள் நீளமாக, கெட்டியாக இருந்தன. தேன் யீ அந்தக் கையைப் பார்த்தாள். நல்ல எண்ணத்தில் ஒருத்தி எதற்கு இவ்வளவு அவசரப்பட வேண்டும்? எழுந்து, நரம்பு ஓடி, ஒரேயடியாக நான் முடங்கிப் போனால் யாருக்கு லாபம்?

"நான் படுத்துக்கறேன்," என்றாள். "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்."

அப்படித்தான் அவள் படுத்தாள். வலிக்காக அல்ல, டோ பூவை நம்பியும் அல்ல. மா ஞோ எழுந்திருக்கச் சொன்னாள் என்பதற்காகவே படுத்தாள்.

நாள் போகப் போக வீடு அவள் இல்லாமலே நடந்தது. அதுதான் கொடுமை. அவள் படுத்தால் தக்காளி வாடும், பாத்தி சாயும், கோ பா சோ கஞ்சிக்கு அலைவார் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு மா ஞோ ஏதாவது செய்து அனுப்பிவிடுவாள். தக்காளியும் மீனும் மஞ்சளும் போட்டுப் பிசைந்த சோறு. மேலே பூண்டுத்தாள் பொரித்துப் போட்டிருப்பாள். தேன் யீ ஒரு கவளம் வாயில் வைத்து, உப்பு இல்லை என்று சொல்வதற்காக நாக்கால் துழாவித் துழாவித் தேடினாள். உப்பு சரியாக இருந்தது.

"மீனு முள்ளு எடுக்கல," என்றாள்.

"எடுத்திருக்காளே?" கோ பா சோ தட்டைக் கிளறிப் பார்த்தார்.

"எனக்குக் குத்துச்சு."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கொடியைக் கட்டறதுக்கு அவ ஒரு முடிச்சுப் போடறா. நீ போடுவியே, அந்த மாதிரி இல்ல. ஒரு சுத்து, ஒரு இழுப்பு. காத்துல அவுறல," என்றார்.

"என் முடிச்சு அவுந்துச்சா இத்தனை வருசமா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"எப்படிச் சொன்னீங்க?"

அவர் எழுந்துபோய்ப் பலகணியோரம் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். முன்னெல்லாம் வாரக்கணக்கில் தலை சீவாத மனிதர் இப்போது காலையில் படகில் இறங்குமுன் தண்ணீரில் முகம் பார்த்துத் தலைத்துண்டைக் கட்டுகிறார் என்பதை தேன் யீ கவனித்திருந்தாள். கிடந்தபடியே, தரை மூங்கில் இடுக்கு வழியாக.

டோ பூ எண்ணெயோடு வரும்போதெல்லாம் கொஞ்சம் நெருப்பும் கொண்டுவந்தாள்.

"அவ சிரிப்பு நம்ம மடத்து வரைக்கும் கேக்குதுடி."

"எதுக்குச் சிரிக்கறாளாம்?"

"யாரு கண்டா. உன் புருஷன் ஒண்ணும் வேடிக்கையாப் பேசற ஆளும் இல்ல."

அது தேன் யீக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. தன்னிடம் சொல்லாத வேடிக்கை ஒன்றை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் எழுந்ததற்கு நர்ஸ் காரணமில்லை. அந்தச் சிரிப்புதான் காரணம். மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகல், பாத்திப் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு தண்ணீரின் மேல் தத்தித் தத்தி வந்து வீட்டுக்குள் நுழைந்தது. தேன் யீ முதலில் தலையைத் தூக்கினாள். தெரியவில்லை. பக்கவாட்டில் புரண்டாள். புரளக் கூடாது என்று டோ பூ சொன்னது நினைவுக்கு வந்தபோது ஏற்கெனவே புரண்டாகிவிட்டது. நரம்பு ஓடவில்லை. வலித்தது, அவ்வளவுதான். கையூன்றி, முழங்காலூன்றி, தூணைப் பிடித்து எழுந்து நின்றாள். காது அடைத்தது. கால்கள் வேறு யாருடையதோ போல நடுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பாத்தியின் கிழக்கு முனையில் படகு நின்றது. கோ பா சோ வால்பக்கம். மா ஞோ குனிந்து பாசியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகினாள், தூக்கினாள், திரும்பினாள், போட்டாள். நிமிர்ந்தாள். முதுகைத் தடவிக்கொள்ளவில்லை. பெருமூச்சு விடவில்லை. திரும்பவும் குனிந்தாள். தேன் யீ புருஷனைப் பார்க்க வந்தவள், பார்க்கவே இல்லை. அவள் கண் அந்த இடுப்பை விட்டு நகரவில்லை. ஈர லுங்கி ஒட்டிய அந்த இடுப்பில் எங்கேயாவது ஒரு தயக்கம் வருகிறதா, ஒரு சுளிப்பு வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

படகு மெல்ல மேற்கே நகர்ந்தது. ஜன்னலிலிருந்து மறைந்தது. அடுப்படிப் பின்கதவுக்குப் போனால்தான் தெரியும். தேன் யீ போனாள். அங்கே நின்று பார்த்தாள். படகு திரும்பக் கிழக்கே வந்தது. ஜன்னலுக்கு வந்தாள்.

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும். காலையில் படகு புறப்பட்டதும் எழுந்துவிடுவாள். பாத்தியின் ஒரு முனையில் படகு நின்றால் ஜன்னல், மறுமுனையில் நின்றால் பின்கதவு. நடுவில் நின்றால் மாடத்திலிருக்கும் புத்தருக்குப் பக்கத்துச் சந்து வழியாகக் கொஞ்சம் தெரியும். அதற்குக் குந்தி எழ வேண்டும். குந்தி எழுந்தாள். மூங்கில் தரை கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது. கீழே கீரை விற்றுக்கொண்டு போன படகிலிருந்து ஒருத்தி, "யாரு மேல, ஆட்டம் பழகறது?" என்று கத்தினாள். தேன் யீ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் டொக் கேட்டதும், அல்லது டொக் கேட்காததும், பாயில் போய் விழுந்து முனக ஆரம்பிப்பாள்.

"எப்படி இருக்கு?" என்பார் கோ பா சோ.

"எப்படி இருக்கும்? செத்த கட்டை மாதிரி இருக்கு."

ஆனால் அப்படி இல்லை. காலில் தெம்பு வந்திருந்தது. காலையில் எழும்போது இருந்த இறுக்கம் மத்தியானத்துக்குள் விட்டுவிடுகிறது. இது எப்படி என்று அவளுக்கே புரியவில்லை. டோ பூவின் எண்ணெய் என்று நினைக்கப் பார்த்தாள். மா ஞோ சொன்னதைத்தான் தான் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தபோது அதை வந்த வழியே துரத்தினாள்.

கட்டுக் கயிறு தீர்ந்துபோய் கோ பா சோ நடுப்பகலில் வீட்டுக்கு வந்த நாளில் எல்லாம் வெளியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரனின் சின்னப் படகில் வந்ததால் சத்தம் பிடிபடவில்லை. பின்கதவில் நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அடிப்பாவி."

தேன் யீ திரும்பினாள். வேகமாகத் திரும்பியதில் இடுப்பில் சுரீரென்றது.

"அங்க நான் ஒத்தை ஆளா அல்லாடறேன், நீ இங்க நின்னு காத்து வாங்கறியா?"

"ஒத்தை ஆளா? ஒத்தை ஆளா நீங்க?"

"எத்தனை நாளா இது?"

"எது?"

"நிக்கறது. நடக்கறது."

 கோ பா சோ அவள் பார்த்த திசையில் பார்த்தார். தூரத்தில் படகில் தனியாக நின்ற மா ஞோ தலைத்தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஒன்று வந்தது. மீசையைத் தடவினார்.

"ஓகோ. நான் எங்க போறேன், என்ன பண்றேன்னு காவலாக்கும்?" குரலில் வெல்லம் கரைந்தது. "இந்த வயசுல என்னடி உனக்கு... நான் அப்படிப்பட்ட ஆளா?"

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் தேன் யீக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"உங்கள யாரு பாத்தா? கண்ணாடியில உங்க மூஞ்சிய நீங்களே பாருங்க. நான் பாத்தது அவ இடுப்ப."

"என்னது?"

"இடுப்பு! இடுப்பு! குனியறா, நிமிர்றா, குனியறா, நிமிர்றா. அந்த இடுப்பு எனக்கு வேணும். அது இருந்தா நான் அந்தப் படகுல நிப்பேன், நீங்க யாரோட சிரிச்சாலும் சிரிங்க."

கோ பா சோவின் மீசையிலிருந்த கை கீழே இறங்கியது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று என்பது படகு போன விதத்திலேயே தெரிந்தது.

அன்று ராத்திரி வலி திரும்ப வந்தது. திரும்பிய வேகத்தில் பிடித்திருக்க வேண்டும். விடியும்போது பழைய இடத்தில் பழைய கத்தி. டோ பூ வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓடிருச்சு. சொன்னேன் பாரு, ஓடிருச்சு! இனி எந்திரிச்ச, அவ்வளவுதான். உன்னைத் தொட்டில்லதான் வச்சுத் தூக்கணும்."

தேன் யீ உண்மையாகவே பயந்தாள். இத்தனை நாள் பயம் ஒரு சாக்காகத்தான் இருந்தது. இப்போது அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுந்தால் ஒரேயடியாகப் போய்விடுமா? படுத்தால் மா ஞோவின் புருஷன் மாதிரி குச்சியாகிவிடுவேனா? நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது: வலியெல்லாம் கெடுதல் இல்லை. எந்த வலி கெடுதல் இல்லாத வலி, எந்த வலி கெடுதல் என்று அவள் சொல்லித் தரவில்லையே. பாயில் கிடந்தபடியே முழங்காலை மடக்கி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். வலித்தது. தூக்கியபடி மூச்சு விட்டாள். இறக்கினாள். இன்னொரு தரம். வலி ஏறவில்லை, இருந்த இடத்தில் இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் புதுப் பாத்தி வந்தது. வடக்குக் கரையில் மிதக்கிற நாணல் மேட்டிலிருந்து இவர்களுக்காக வெட்டியெடுத்த பாத்தி. நீளமாக, ஒரு தெருவையே இழுத்துக்கொண்டு வருவது போல ஊர்ப் படகுகள் சேர்ந்து இழுத்து வந்தன. மூங்கில் அடித்து நிறுத்தும்வரை ஒரே கூச்சல். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாத்தியில் முதல் நாற்றை வீட்டுக்காரி கையால்தான் வைப்பார்கள். கோ பா சோவின் அம்மா வைத்தாள், அதற்குப் பிறகு தேன் யீ வைத்தாள். அவள் காய்ச்சலோடு வைத்திருக்கிறாள்; வயிற்றில் பிள்ளையோடு வைத்திருக்கிறாள்.

டோ பூ ஜன்னலில் நின்று வெளியே கத்தினாள். "நேரமாகுது! வீட்டுக்காரி எந்திரிக்க முடியாது. அந்த ஞோவையே வைக்கச் சொல்லு. கையோட கையா வேலை செய்யறவதானே!"

பாத்தியில் யாரோ சிரித்தார்கள். கோ பா சோ என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

தேன் யீ புரண்டாள்.

"ஏய்! ஏய்! என்னடி பண்ற?"

"தள்ளுங்க பெரியம்மா."

"ஓடிரும்டி!"

"ஓடட்டும். ஓடினா நானும் பின்னாலயே ஓடறேன்."

தூணைப் பிடித்து எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜன்னலுக்குப் போய், இருந்த மூச்செல்லாம் கூட்டி, "ஞோ! படக இங்க கொண்டா!" என்று கத்தினாள்.

கூச்சல் நின்றது. வழவழவென்று படகு வந்தது. ஏணியில் இறங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். மா ஞோ கீழிருந்து, "வலது கால முதல்ல, அக்கா. அப்படித்தான். இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். இருந்தாலும் சொல்றேன்."

படகில் சம்மணம் போட முடியவில்லை. நின்றாள். விழாமலிருக்க மா ஞோவின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோள் சூடாக, வேர்த்து இருந்தது. துடுப்பை அவள் தள்ளும்போதெல்லாம் அந்த இடுப்பு அசைவது தேன் யீயின் முழங்கைக்குத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது பொறாமை குறையவில்லை. கூடியது.

"கோ பா சோ உன்கிட்ட என்ன வேடிக்கை சொல்றாரு?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"தினமும்தான் சிரிக்கறியே."

மா ஞோ ஒரு வீச்சு போட்ட பிறகு சொன்னாள். "உங்களப் பத்தித்தான் அக்கா. முன்ன, துடுப்பு இடிக்குதுன்னு நீங்க திட்டுன கதையச் சொன்னாரு. அப்புறமா தினம் சாயங்காலம் படகு வந்ததும் நீங்க ஓடிப்போயி பாயில விழற சத்தம் அவருக்குக் கேட்டுருமோன்னு எனக்குச் சிரிப்பா வரும். ஜன்னல்ல உங்க தலை தெரியறது எனக்குத் தெரியும். அவருதான் அந்தப் பக்கம் பாக்கறதே இல்ல. நடக்கறீங்களே, நல்லதுன்னு நானும் படக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா நகத்தச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

தேன் யீக்கு முகம் எரிந்தது. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. அறிவிலும் இவள் எனக்கு மேலாகிவிட்டாளே என்றுதான் தோன்றியது.

பாத்தியில் முழங்காலிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, முதல் நாற்றை வைத்தாள். பாத்தி அவள் கனத்தில் அமுங்கி, ஈரம் லுங்கியில் ஏறியது. கோ பா சோ பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுக்குப் போறியா?" என்றார். "நாலு நாத்து வச்சிட்டுப் போறேன்," என்றாள்.

மறுநாள் எழுந்தாள். வலித்தது. வந்தாள். முதலில் கொடி கட்டும் வேலை மட்டும். கொஞ்சம் கட்டுவாள், எழுந்து நிற்பாள், கொஞ்சம் சாய்ந்துகொள்வாள், மறுபடி கட்டுவாள். காலையில் பாயிலேயே இடுப்பைத் தூக்கி இறக்குவாள். டோ பூ கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு வராமலிருந்தாள், பிறகு வேறு யாருக்கோ சுளுக்கிக்கொள்ள, அங்கே போய்விட்டாள். விரத காலம் முடிந்த பௌர்ணமிக்கு ஊரெல்லாம் விளக்கு ஏற்றியபோது தேன் யீயும் ஏணியேறி இறங்கி ஏற்றினாள். தக்காளிப் படகில் இரண்டு பெண்களும், பாசிப் படகில் கோ பா சோ ஒரு கூலி ஆளோடும் என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது. கோ பா சோ தலைத்துண்டைப் பழையபடி ஏனோதானோவென்று கட்ட ஆரம்பித்தார்.

மா ஞோ இப்போதும் ஒரு வரிசையை முதலில் முடித்துவிடுவாள். முடித்துவிட்டு, தேன் யீயின் வரிசையில் பாதியை இந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வருவாள். அது தேன் யீக்குத் தாங்காது. "உன் வேலையப் பாரு," என்பாள். மா ஞோ சிரிப்பாள்.

குளிர் வந்து, காலையில் ஏரியின் மேல் வெள்ளையாகப் புகை நிற்கும் மாதம். காய் பறிப்பு. செங்காயாகப் பறித்துக் கூடையில் போட்டு, கூடையைப் பெரிய படகுக்கு மாற்ற வேண்டும். நிரம்பிய கூடையை மா ஞோ வழக்கம்போலத் தூக்கினாள், வழக்கம்போலத் திரும்பினாள்.

"அய்யோ அம்மா!"

கூடை சாய்ந்து தக்காளி தண்ணீரில் உருண்டது. மா ஞோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். ஒரு கை இடுப்பில்.

தேன் யீ தன் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. தேன் குடித்தது போல அது உள்ளே இறங்கியது. அப்படி இனித்ததே என்று ஒரு கணம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கமும் இனிப்பைக் குறைக்கவில்லை.

"அக்கா." மா ஞோவின் முகம் சாம்பலாக இருந்தது. முதல் முறையாக அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தாள் தேன் யீ. "அக்கா, உங்களுக்கும் இப்படித்தான் வந்துச்சா? கத்தி வச்ச மாதிரி? அவருக்கும் இப்படித்தான்... என்ன பண்ணணும் நான்? படுத்துக்கணுமா? நீங்க பட்டவங்க, நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றத செய்யறேன்."

ஊருக்கெல்லாம் எழுந்து நட என்று சொன்னவள், தனக்கென்று வந்ததும் எல்லாவற்றையும் மறந்து, குழந்தை மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

படுத்துக்க ஞோ, அசையாதே, டோ பூவை அனுப்பறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பிரியத்தில் சொன்னது என்றுதான் ஊர் நினைக்கும். படகு காலியாகும். வரிசையெல்லாம் தேன் யீயின் கையில் வரும், எந்த முடிச்சு என்று அவள் சொல்வதுதான் முடிச்சு. பாயில் கிடக்கக் கிடக்க அந்த இடுப்பு மரமாகும், நாணல் நிமிராது. அந்த வார்த்தை நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் ருசியைத் தேன் யீ கொஞ்ச நேரம் அனுபவித்தாள்.

"கால நீட்டு," என்றாள்.

மா ஞோ நீட்டினாள்.

"மரத்துப் போயிருக்கா?"

"இல்லக்கா."

"மூத்திரம் முட்டிக்கிட்டு வராம இருக்கா?"

"இல்லக்கா. இப்பகூட வருது."

"அப்ப ஒண்ணும் ஆகல. இன்னிக்குப் போயி சாஞ்சுக்க. நாளைக்கு எந்திரிச்சு நட."

"வலிக்குமே அக்கா."

"வலிக்கட்டும்." அதைச் சொல்லும்போது குரலில் தேவைக்கு அதிகமாகவே சந்தோஷம் இருந்தது. இரண்டு பேருக்குமே அது கேட்டது. "நல்லா வலிக்கட்டும். இருந்தாலும் எந்திரிச்சு வா. ஏணியில வலது கால முதல்ல வை."

மா ஞோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளு படுத்துட்டு வரட்டுமா?"

தேன் யீ வால்பக்கம் போனாள். அங்கே கிடந்த துடுப்பை எடுத்தாள். காலில் சுற்றத் தெரியாது; கையிலேயே பிடித்துக்கொண்டு, நின்றபடியே படகை வீட்டுப் பக்கம் திருப்பினாள். படகு கோணிக்கொண்டு போனது.

"படுத்துப் பாரு," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "நீ நிக்கற எடத்துல நான் ஏறி நின்னுக்குவேன். அப்புறம் தலைகீழா நின்னாலும் எறங்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று மா ஞோ அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள். தேன் யீ சிரிக்கவில்லை.

மா ஞோ விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.